கீழ்த்தட்டில் வந்தவள்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் மகள் அனுவின் பேச்சு. தலைப்பு அவளே எடுத்தது: நூறு வருசத்துக்கு முந்திய ஜெர்மன் பயணிகள் கப்பல். மேல்தட்டில் பளிங்கும் பியானோவும். கீழ்த்தட்டில் ஊரை விட்டு வந்த ஏழைகள், அடுக்குக் கட்டில். பிறகு போர். எதிரி நாடு பிடித்து, பெயரை மாற்றி, தன் படையை ஏற்றியது.

கீழ்த்தட்டுப் பகுதி மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன். வாந்தி மணம், எஞ்சின் சூடு, தண்ணீருக்கு வரிசை.

"அம்மா, ஹவ் டூ யூ நோ?"

எங்கேயோ படித்தது என்றேன். பொய்.

வாங்க: மட்டை, பசை, மாமியின் பிரஷர் குளிசை.

நவம்பர் 8, சனி

குளிர். 

அனு நல்லாய்ப் பேசினாள். மாமி, இவரின் அம்மா, பிக்கரிங்கிலிருந்து வந்து முன்வரிசையில். இடைவேளையில் ரோல்ஸ் கொடுத்துக்கொண்டு வந்த பெண் என்னையே பார்த்தா. றெஜினாக்கா! இத்தனை வருசத்துக்குப் பிறகு.

"பிள்ளை, நீயெல்லே! என்னோட கப்பலில வந்தனி. மகள் சொன்னது எங்கட கதைதானே!"

மாமி திரும்பினா. அகதிக் கப்பலில் வந்த ஆக்களைப் பற்றி மாமி சொல்வது ஒன்றுதான்: "களவாய் வந்ததுகள்." கலியாணத்தின்போது நான் பிளேனில், சித்தப்பாவின் ஸ்பொன்சரில் வந்தவள் என்று சொல்லி வைத்தோம். உண்மை இவருக்கு மட்டும் தெரியும்.

"நீங்கள் ஆரையோ நினைச்சுக் கதைக்கிறியள், அக்கா," என்றேன்.

என்னை ஒருதரம் உற்றுப் பார்த்தா. "ஓம். இருக்கும்." தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டா.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்று ஒரு சாட்டு.

கப்பலில் தண்ணீர் பால்மாத் தகரப் பேணியின் மூடியால் அளந்துதான். ஒரு நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு மூடி. எனக்குக் காய்ச்சல் காய்ந்த நாட்களில் றெஜினாக்கா தன் இரண்டில் ஒன்றை என் வாயில் ஊற்றினா. "எனக்குத் தாகமில்லை. நீ குடி." அந்த வெக்கையில் யாருக்குத் தாகமில்லை?

வெட்கம். வேறு சொல் கிடைக்கவில்லை. பல் தீட்டும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை.

நவம்பர் 12, புதன்

றெஜினாக்காவைப் பற்றி விசாரித்தாயிற்று. வெக்ஸ்போர்ட்டில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலையாம். சனிக்கிழமை போய் மன்னிப்புக் கேட்பது.

இவர்: "போ. ஆனா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

கோழை மனுசன் என்று வாய்வரை வந்தது. நான் மட்டும் என்னவாம்.

அனுவின் சப்பாத்து ஈரம். ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

தூறல். புறப்படும் நேரம், போன கிழமையிலிருந்து எங்களோடு நிற்கும் மாமியும் காரில் ஏறினா. இடியப்பம் வேண்டுமாம். சரி, அவவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை.

கடையில் றெஜினாக்காதான் நின்றா. தலையில் வலை, கையில் கிளவுஸ். என்னைப் பார்த்தா. பக்கத்தில் மாமியைப் பார்த்தா. நான் வாய் திறக்கமுன்னம்:

"மிஸிஸ், அண்டைக்கு ஆள் மாறிக் கதைச்சுப்போட்டன். குறை நினைக்காதேங்கோ."

"அதுக்கென்ன, மனுசருக்கு நடக்கிறதுதானே," மாமி.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பரவாயில்லை," என்றேன்.