நடுவில் வந்த சதுரக் கம்பி

14-9-1976, செவ்வாய். கும்மிடிப்பூண்டி.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கம்பிகளின் எடையைக் கம்ப்யூட்டரில் கணக்கிட நானே கற்று எழுதிய புரோகிராமை நாளை முதல் ஓட்டக்கூடாதாம். மேனேஜர் உத்தரவு. துளையிட்ட அட்டைகளில் முதல் கார்டைப் படித்ததும், கம்பி என்ன வகை என்பது போல அன்றைக்கு வேண்டாத கேள்விகளைத் தனக்குள்ளேயே அழித்துவிட்டு ஓடும் புரோகிராம் அது. மூன்று மணி நேர வேலை ஒரு மணியில் முடிகிறது.

புதிதாகச் சேர்ந்த பட்டதாரி பாஸ்கர் காலையிலேயே ஆரம்பித்தான். "இன்னா சார், நீங்க எழுதனது ஒண்ணு, உள்ள ஓடறது வேற ஒண்ணா கீது?"

"எல்லாம் உருண்டைக் கம்பின்னு தெரிஞ்சப்புறம், ஒவ்வொண்ணையும் நிறுத்தி நீ உருண்டையா சதுரமான்னு கேட்டுக்கினு இருப்பியா?"

"நடுவுல சதுரம் வந்தா?"

"வராது."

வந்தது. ஆபரேட்டர் ஒரு சதுரக் கம்பிக் கட்டின் கார்டுகளையும் சேர்த்து அடுக்கிவிட்டான். அதற்கும் உருண்டைக் கணக்கே விழுந்து, எடை பொருந்தாமல் லாரி எடைமேடையிலிருந்து திரும்பிவிட்டது. அதனால்தான் மேனேஜரின் உத்தரவு. தப்பு அடுக்கியவனுடையது. கார்டுகள் மதியம்தான் வரும்; மூன்று மணி நேரம் ஓடும் பழைய புரோகிராம் நாலு மணிக்கு வரும் மின்வெட்டுக்குள் முடியாது. அப்போது தெரியும் இவர்களுக்கு.

ஆனாலும் ஒவ்வொரு கட்டின் தலைப்புக் கார்டிலும் கம்பியின் வகையை ஒருமுறை கேட்கலாம். வகை மாறியிருந்தால் புரோகிராம் மறுபடி தன்னைத் திருத்திக்கொள்ளட்டும். எழுதிவிட்டேன், இரண்டே வரி. உத்தரவு இருந்தாலும் நாளை ஏற்றி ஓட்டத்தான் போகிறேன். பாஸ்கர் கேட்டதால் எழுதினேன் என்பது மட்டும் அவனுக்குத் தெரியக்கூடாது.