சர்க்கரைக்கு ஒரு பிளாக்கர்

மாதா துணை

மண்ணூர்பேட்டை,
14.6.1998

ஐதராபாத்தில் இருக்கும் என் பேத்தி ஜெயசீலிக்கு ஆயா லூர்தம்மாள் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் பரந்தாமனும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு வருடமாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. லூர்து மாதா திருநாளன்று, நான் பூசைக்குப் போன நேரம் பார்த்து, என்னிடம்கூடச் சொல்லாமல் பச்சைச் சேலையோடு அவனுடன் போனாய். அது மறக்கவில்லை. இது உன் அப்பனுக்காக எழுதுவது.

பால்ராஜ் இப்போது தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மருந்து ஆராய்ச்சி செய்யும் கம்பெனியில் பாட்டில் கழுவுகிறான். சர்க்கரை வியாதி ஆராய்ச்சிக்கு அங்கே ஒரு தூள் செய்கிறார்கள். அதற்கு 'பிளாக்கர்' என்று பெயராம். டாக்டர் இவனுக்கு ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்ததும் ஒரு பிளாக்கர் மாத்திரைதான், அதில் தேறினான். அதனால் இது சர்க்கரையைத் தடுக்கும் என்று அவனே முடிவுகட்டி, ஈஸ்டரிலிருந்து பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து மோரில் கலக்கிக் குடிக்கிறான். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டான்.

இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. "பாத்தியாம்மா, தொப்பை கரையுது, வேல செய்யுது" என்று சிரிக்கிறான். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான். கால் கட்டைவிரல் புண் கறுத்துவிட்டது. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு.

அந்தக் கம்பெனியில் படித்த வேலை பார்க்கும் ராணியைப் போன ஞாயிறு கோவில் வாசலில் பிடித்துக் கேட்டேன். யார் குடிப்பதென்று சொல்லவில்லை. "ஐயய்யோ ஆயா, அது மருந்தே இல்ல, எலிக்குக் குடுக்கறது. சர்க்கரைய ஒடம்பு எடுத்துக்க உள்ள ஒரு பூட்டு கீது. அதுல சாவி போவாம இது அடச்சிக்கும். அடச்சா இன்னா ஆவுதுன்னு பாக்கறோம்" என்றாள். எலிக்கு என்ன ஆயிற்று என்றேன். "நீ ஏன் ஆயா கேக்கற?" என்று என் முகத்தையே பார்த்தாள்.

வீட்டில் சொன்னேன். "அவ நேத்து வந்தவ. பிளாக்கர்னா இன்னான்னு எனுக்குத் தெரியாதா? ஆபீஸ்ல வாயத் தொறந்த, திருட்டுக் கேசுல உள்ள போவேன்" என்று கத்தினான். பிறகு, "சீலி படிச்சிப் பாத்து சொல்லட்டும், உட்டுடறேன்" என்றான். நான்கு வருடத்தில் உன் பேர் அவன் வாயில் வந்தது அன்றுதான்.

நீ மருந்துப் படிப்புப் படித்தவள். ஆனால் கடிதம் போட்டால் நான் எழுதச் சொன்னேன் என்பான். நேரில் வந்து, அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும் காலி பாட்டிலின் சீட்டைப் படி. பரந்தாமனையும் கூட்டிவா. வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள், நான் நிற்கிறேன்.

புதன்கிழமை முதல், எனக்கும் சர்க்கரைதானே என்று பொட்டலத்தில் பாதியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். கொட்ட வழியில்லை, டம்ளர் காலியாகும் வரை எதிரிலேயே நிற்கிறான். எனக்குள் போவது அவனுக்குள் போகாது.

உன்னை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். அதை முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாதா உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் ஆயா,
லூர்தம்மாள்