பட்டியலில் கடைசியாக என் பெயர்

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் இருப்பதைச் சொல்கிற அந்தக் குரல் இதை உங்களுக்கு வாசிக்கும். காகிதத்தில் எழுதினால் வாசிக்கப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். நம் சண்டை அவருக்கு எதற்கு.

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சோறு இடது அடுப்பில். சாவி அதே ஆணியில். நாலு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று, போட்டதும் தானாகத் திறக்கிறவற்றின் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் உங்களைக் கேட்காமல் நிறுத்தினேன். அதில் அந்தக் குரலும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மெஷினே போய்விட்டதென்று நினைத்தீர்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் வழியாக நடக்க இருந்த உங்கள் வேலை நேர்காணல் கைவிட்டுப் போனது. "கண்ணு தெரியாதவன்னு இன்னிக்குத்தான் எனக்கே உறைச்சுது" என்றீர்கள். பத்து நாளாக அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

என் பெயரில் வைத்திருக்கிற இந்தக் குறிப்பு தினமும் திறக்கும். வேண்டாமென்றால் அதே பட்டியலுக்குப் போய்க் கீழ் அம்பை அழுத்திக்கொண்டே வாருங்கள். கடைசியாக என் பெயரைச் சொல்லும். நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. சரியாக வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தேன். பிறகு குரலையும் நிறுத்தினேன். ஒரு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. அன்றைக்கு நீங்கள், நான் வேலையிலிருந்து வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள்.