படகுத்துறைக்குக் கேட்ட இடம்

மாமாவுக்குச் சின்னபொண்ணு வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? இந்தத் தீவில் சமையல் வேலை சிரமமில்லை. நேற்று பஞ்சாயத்துப் படகில் ஏறும்போது வழுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். கொஞ்சம் வடகம் அனுப்புங்கள், தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை.

நம் ஊரிலும் கொம்யூன் பஞ்சாயத்து படகு விடப்போவதாகவும், துறை கட்ட நம் ஆற்றோர நிலத்தைத் தலைவன் புகழ்வேந்தன் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பெயரைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நம் மகள் செல்வகுமாரி பிரசவ வலியில் கரையில் துடித்தபோது, ஊருக்கென்று இருந்த பழைய படகைத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓட்டிப்போனவன். "இன்னாம்மா அவசரம், பஸ்ல இட்டுனு போ" என்றான். குழந்தை பஸ்ஸிலேயே செத்தது.

இடத்தைக் கொடுங்கள், இன்னொருத்தி அப்படிப் பிள்ளையை இழக்கக் கூடாது. ஆனால் அவன் மாலை போட வந்தால் கழுத்தை நீட்டாதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் படகு வந்துவிட்டது.

சின்னபொண்ணு