நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்

அன்செல்மோ,

மொச்சைக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. உப்பு போட்டாகிவிட்டது, நீ வேறு போடாதே. ஐந்து மணிக்கு செவில்லாக்காரர் கிடார் பார்க்க வருகிறார். தங்கை வீட்டுக்குப் போய் எட்டுக்குள் வந்துவிடுவேன்.

பட்டறையில் சாவி தேடும்போது, துணி போர்த்திய புதுக் கிடார் கண்ணில் பட்டது. நேற்றுகூட, "கழுத்து மேல தந்தி உட்கார்ற நட்டு ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம் இருந்தாத்தான் கிடார். உன் குட்டை விரலுக்காக எல்லாம் மாத்த முடியாது, போடி" என்று கத்தினாயே? இதை அளந்தேன்: நாற்பத்தெட்டு. பிடித்தும் பார்த்தேன். கட்டைவிரல் வலிக்கவே இல்லை. உள்ளே ஒட்டிய சீட்டில் என் பெயர்!

உன் குட்டை விரல் மகாராணி
என்கார்னா

பி.கு.: மதியத் தூக்கத்தில் என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாயே, ஆசையில் என்று நினைத்தேன். அளவெடுத்திருக்கிறாய், திருட்டுப் பயலே.

இன்னொன்று: நாளை மதியமும் பிடித்துக்கொள். அளவுதான் எடுத்தாயிற்றே.