போசிபோரி அக்காவின் சோபா விரிப்பு

நம்ம மொக்கேராவோட அப்பாவுக்கு,

போன்ல வீடியோ பார்த்து நம்ம முன்னறையை நவீனமா மாத்தினதுக்குக் கோடி நன்றி. நீங்க கருஞ்சாம்பல் அடிச்ச சுவரைப் பார்த்தா பட்டப்பகல்லயே டார்ச் தேடத் தோணுது.

“இதெல்லாம் பழைய பாணி”ன்னு சோபா மேல கிடந்த பூப்பின்னல் விரிப்பையெல்லாம் உருவிப் போட்டீங்களே, அதெல்லாம் எங்க மகளிர் குழுவுல ஆளுக்கு ஒண்ணா பின்னிக் கொடுத்தது. இன்னிக்குக் கூட்டம் நம்ம வீட்லதான். வந்ததும் ஒவ்வொருத்தரும் தான் பின்னினது எங்கேன்னு தேடி அதுமேலதான் உட்காருவாங்க.

எல்லாத்தையும் துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன், எடுத்து விரிங்க. போசிபோரி அக்கா பின்னினதுலதான் நீங்க பிரஷ்ஷைத் துடைச்சிருக்கீங்க, கறை போகவே இல்லை. அதை ஒத்தை நாற்காலியில விரிச்சு நீங்களே உட்கார்ந்துக்கங்க. அக்கா எதிர்ல வந்து நின்னாலும் எந்திரிக்காதீங்க. முட்டி வலின்னு சொல்லுங்க.

டீக்கு மண்டாசி போண்டா சுட்டு மூடி வச்சிருக்கேன். எண்ணிட்டுத்தான் போறேன். டீயை முன்னாடியே போட்டு பிளாஸ்க்ல ஊத்திடுங்க, அப்புறம் உங்களால எந்திரிக்க முடியாதே. கிசீ சந்தையிலிருந்து நான் குழுக்காரங்களோடதான் வருவேன்.

கெருபோ

மறந்துட்டேன்: தையல் மிஷின் பக்கத்துல மாட்டின விளக்கை மட்டும் கழட்டிடாதீங்க. இத்தனை மாத்தினதுல அது ஒண்ணுதான் என்னைக் கேட்டுச் செஞ்சது.