கேமராவுக்குத் தெரியாத பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் உள்ளரங்க அமெரிக்கன் ஃபுட்பாலில் எல்லைக்கோடு கிடையாது, சுவர்தான் எல்லை. அதனால் சுவர் முழுக்க மெத்தை கட்டுவார்கள். அணி முதலாளி ஹான்ரஹன் மட்டும் கேமராவுக்குத் தெரிகிற பக்கத்தில் கட்டியதோடு நிறுத்திவிட்டார். சனிக்கிழமை பந்தோடு ஓடிய என்னை எதிரணிக்காரி மோதித் தள்ளியது மறுபக்கச் சுவரில். பயப்படாதே, இருமினால்தான் விலா வலிக்கிறது.

அவரிடமே நேரே போய்க் கேட்டேன்.

"அந்தப் பக்கம் டிவியில தெரியாதும்மா."

"தெரியலன்னா வலிக்காதா சார்?"

"நீ ஏன் அந்தப் பக்கம் ஓடுற?"

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? என் அறைத்தோழி டெல்ஃபின், "அந்தாளையே சுவத்துல கட்டுங்கடி, நான் வந்து மோதுறேன்" என்கிறாள்.

அடுத்த வாரம் கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் அரையிறுதி. மெத்தையை நாங்களே ஆளுக்கொன்று கொண்டுவந்து கட்டப் போகிறோம். நம் நாய் வாஃபிள் படுக்கிற பழைய சோபா மெத்தையை உடனே பார்சலில் அனுப்பு. துவைத்துவிடாதே, வாஃபிள் வாசனை போய்விடும்; முடியெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். அப்பா கேட்டால் மெத்தை சுவருக்குத்தான் என்று சொல்.

ரெனாட்டா